மீண்டும் விரிந்த பேரேடு

பொருள் கொடுக்கல் வாங்கல் தொழிலுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. தச்சன் ஊர் பெயர்ந்தால் உளியை உடன் எடுத்துச் செல்வான். கொல்லன் சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொள்வான். பிறர் பணத்தைப் பெற்று, வேறு பிறருக்குக் கடனாக ஈந்து, இரண்டிற்கும் நடுவே நின்று கணக்கு வைப்பவனுக்கோ அத்தகைய கருவி ஒன்றும் இல்லை. அவனை நம்பும் மக்கள் வாழும் ஊரே அவனுக்குக் கருவி. அந்த ஊரினின்று அவனைப் பெயர்த்து, ‘இனி உள்ளே வாராதே’ என்று கதவை அடைத்துவிட்டால் அவன் கற்ற தொழில் என்னாகும்? இவ்வினாவைத் தம் வாழ்நாளில் இருமுறை எதிர்ப்பட்ட ஒரு கணக்கரின் வரலாறு இது. அவர் பெயர் ஈண்டு வேண்டா. அவரைப் போன்றோர் செட்டிநாட்டு ஊர்களில் பலர் இருந்தனர்.

இன்று மியன்மர் எனப்படும் நாடு அந்நாளில் பர்மா எனப்பட்டது. 1852-இல் அதன் தென்பகுதி ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டதும், ஐரோப்பியச் சந்தைகளுக்கு அரிசி செல்லும் வழி சுருங்கிற்று. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடும் சதுப்புமாய்க் கிடந்த நிலம் கழனியாகத் தொடங்கியது. காடு வெட்டவும், வரப்புக் கட்டவும், எருது வாங்கவும், அறுவடை வரையில் உண்ணவும் உழவனுக்குப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகளோ துறைமுகத்தை விட்டு உள்நாட்டிற்குள் செல்ல விரும்பவில்லை. அவ்விடத்தே நாட்டுக்கோட்டை நகரத்தார் புகுந்தனர். 1930-ஆம் ஆண்டை ஒட்டி அவர்கள் நடத்திய கடைகள் பர்மாவில் ஏறத்தாழ 1,650 இருந்தன என வங்கி விசாரணைக் குழுவினர் கணக்கிட்டனர். இரங்கூன் நகரத்து மொகல் தெரு அவர்களுக்குத் தலைமையிடம். கடைகள் தமக்குள் கொடுத்து வாங்கும் கடனுக்குரிய நடப்பு வட்டியை, அங்குள்ள கோயிலில் மாதந்தோறும் கூடி முடிவு செய்தனர். இறைவன் திருமுன்னர் வட்டி விகிதம் பேசுவதா என்று இக்காலத்தார் வியக்கக்கூடும். பொய் சொல்ல நா அஞ்சும் இடமாதலின், அதற்கு அதனினும் தக்க இடம் வேறு யாது?

கணக்கர் 1920-இல் பிறந்தவர். தந்தையார் சிறு முதலும் இல்லாதவர். திண்ணைப் பள்ளியில் மா, காணி, முந்திரி என்னும் கீழ்வாய் இலக்கங்கள் அவருக்கு நீர்பட்டபாடாயின. ஒன்றை முந்நூற்று இருபதாகப் பகுத்தால் வருவது முந்திரி. அவ்வளவு சிறு பகுதியையும் மனத்தாலேயே கூட்டிக் கழிக்கப் பயின்ற சிறுவன், 1933-இல் பதின்மூன்றாம் வயதில், சென்னையில் கப்பலேறி இரங்கூன் சென்றான். அங்கே அவனுக்குக் கிடைத்த பதவி ‘பெட்டியடிப் பையன்’ என்பது. பணப்பெட்டியின் அருகே அமர்ந்து, மேலாள் கேட்டதை எடுத்துக் கொடுத்து, எழுதியதை ஒத்துப் பார்த்து, இரவில் அப்பெட்டியின் பக்கத்திலேயே பாய் விரித்து உறங்க வேண்டும். அதற்கு மேற்பட்டவர் அடுத்தாள்; அவருக்கும் மேற்பட்டவர் கடையை நடத்தும் மேலாள். மேலாள் மூன்றாண்டுக்கு ஒரு முறை ஊர் திரும்பி, முதலாளியிடம் கணக்கை ஒப்புவிப்பார். எவ்வளவு சம்பளம், எத்தனை ஆண்டு என்பன சம்பளச் சீட்டில் எழுதப்பெறும். இக்காலத்துக் கல்லூரி ஒன்றும் இத்துணை நெருக்கமாகத் தொழில் கற்பிப்பதில்லை. அன்றைய வரவும் செலவும் குறிப்பில் ஏறி, குறிப்பினின்று பேரேட்டிற்குச் சென்று, இறுதியில் ஐந்தொகையில் இருபுறமும் ஒத்து நிற்றல் வேண்டும். ஒரு காசு ஒவ்வாவிடினும் அன்றிரவு கடையில் எவருக்கும் உறக்கம் இல்லை.

1939-இல் அவர் ஊர் வந்து மணம் முடித்தார். மறு ஆண்டு, ஒரு கழிமுக ஊரின் கடைக்கு அடுத்தாளாகப் புறப்படும் வேளையில், அத்தை முறையினராகிய கைம்பெண் ஒருவர் அவரிடம் வந்தார்.

“தம்பி, என் சீதனப் பணம் இரண்டாயிரம் இருக்கிறது. உன் முதலாளி கடையில் போட்டு வைக்கலாமா? எனக்கு யாரையும் தெரியாது, உன்னைத் தெரியும்” என்றார் அவர்.

“போடுங்கள் அத்தை, நான் இருக்கிறேன்” என்றார் கணக்கர்.

நூற்றுக்கு ஆண்டு ஒன்றுக்கு ஆறு ரூபாய் வட்டி. செட்டிநாட்டு மகளிர் தம் சீதனத்தை இவ்வாறு கடைகளில் இட்டு வைத்தல் அந்நாளைய வழக்கம். ‘நான் இருக்கிறேன்’ என்ற அச்சிறு தொடர் எந்தச் சீட்டிலும் எழுதப்படவில்லை.

அதற்கு முன்பே பர்மாவில் காற்று மாறிவிட்டது. 1930-இல் உலகெங்கும் வந்த பொருளாதார மந்தத்தால் நெல் விலை வீழ்ந்தது. கடன் பட்ட உழவர் பணம் தர இயலாமல் நிலத்தைத் தந்தனர். முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில், 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்காய் இருந்த நகரத்தார் நிலம், 1938-இல் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. வட்டி கேட்டுச் சென்றவர்கள் விரும்பாமலே நிலக்கிழாராயினர். அந்நிலம் உண்மையில் அவர்களுக்குச் சுமை. விற்பதற்கு ஆள் இல்லை. எனினும், காட்டை வெட்டித் திருத்திய உழவன், தன் வயலிலேயே குத்தகையாளாய் நின்றபோது, அவன் உள்ளம் எரிந்ததில் வியப்பு ஏது? அந்நாட்டார் பின்னர் இயற்றிய சட்டங்களைக் கொடுமை என்று மட்டும் கூறுவோர், அந்த வயல் வரப்பில் ஒரு நாள் நின்று பார்த்திருக்க வேண்டும்.

1937-இல் பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. 1941-இல் இருநாட்டு அரசுகளும் குடிவரவு உடன்பாடு ஒன்று செய்துகொண்டன. உள்ளே வருவோர்க்கு இசைவுச் சீட்டு வேண்டும் என்றது அது. அஃது வேரூன்றுவதற்குள் போர் வந்துவிட்டது. 1941 டிசம்பர் 23-இல் இரங்கூனின்மீது சப்பானியர் குண்டு வீசினர். கடைகள் மூடப்பட்டன. கணக்கர் கடன்பட்டோர் நிலுவைப் பட்டி ஒன்றை எழுதி, மெழுகுத் துணியில் சுற்றி, இடுப்பிற் கட்டிக்கொண்டு, ஆற்று வழியே புரோம் நகரை அடைந்தார். அங்கிருந்து அரக்கான் மலைத்தொடரைக் கடந்து கடற்கரை ஊராகிய தௌங்குப் வரையில் நூறு மைலுக்கு மேற்பட்ட நடை. வழியில் நீர் இல்லை. இருந்த நீரில் வாந்திபேதி இருந்தது. அவ்வாண்டு இலட்சக்கணக்கான இந்தியர் இவ்வாறு பர்மாவை விட்டு வெளியேறினர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். கணக்கர் படகேறி அக்கியாபும், பின்னர்ச் சிட்டகாங்கும், கல்கத்தாவும் கடந்து ஊர் சேர்ந்தபோது, தாயார் அவரை அடையாளம் காணவில்லை.

போர்க்கால ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல மிகுதி இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு எண்சுவடி கற்பித்து, நெல் அளந்து பெற்றார். 1945-இல் ஆங்கிலேயர் பர்மாவுக்கு மீண்டதும், சப்பானியர் அச்சிட்ட பணத்தாள்கள் செல்லாதனவாயின. முதலாளி ‘மறுபடியும் கடை திறக்க வேண்டும், நிலுவையை அறிந்தவன் நீயே’ என்று எழுதினார். பட்டி கையில் இருந்தது. போவதற்கு மனமும் இருந்தது. 1947-இல் பர்மிய அரசு குடிவரவுச் சட்டம் ஒன்று இயற்றி, இசைவுச் சீட்டோ நுழைவிசைவு பெற்ற கடவுச் சீட்டோ இன்றி எவரும் நாட்டிற்குள் வரலாகாது என்றது. முன்னர் அந்நாட்டில் வாழ்ந்ததற்குச் சான்று என்ன என்று அதிகாரிகள் வினவினர். சான்றுகள் யாவும் எரிந்த கடையோடு எரிந்தன. முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. இரண்டாவதற்கு ஓராண்டு வரையில் மறுமொழி இல்லை. மூன்றாவதனோடு, நிலுவைப் பட்டியில் பர்மிய உழவர் கையொப்பம் இட்டிருந்த ஏட்டைப் படியெடுத்து இணைத்தார். எட்டு ஆண்டுகள் கைப்பெட்டியில் உறங்கிய அந்தத் தாள், பணத்தை மீட்டுத் தரவில்லை. இசைவுச் சீட்டை வாங்கித் தந்தது. ஓராண்டுக்கு மட்டும் செல்லும் சீட்டோடு, 1949-இல் அவர் மீண்டும் கப்பலேறினார்.

சென்ற இடத்தில் தொழில் முன்போல் இல்லை. 1948-இல் நிலங்களை நாட்டுடைமை ஆக்கும் சட்டம் நிறைவேறியிருந்தது. கழிமுகமெங்கும் உள்நாட்டுக் கலகம். நிலுவைப் பட்டியில் இருந்த ஊர்களுக்குப் போகவே வழியில்லை. ஆகவே இரங்கூனிலேயே இருந்து, கடையின் பழங்கணக்கைத் தீர்ப்பதும், சிறு வணிகர்க்குக் கைமாற்று அளிப்பதுமாய்க் காலம் சென்றது. அவர் இப்பொழுது மேலாள். பட்டம் உயர்ந்தது; கடை தேய்ந்தது. ஆண்டுதோறும் அயல்நாட்டார் பதிவுச் சீட்டைக் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்பவும் அரசின் இசைவு வேண்டும். ஊர் சென்றால் திரும்பி வருவதற்குத் தனியே இசைவு வேண்டும். அது கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 1956-இல் தாயார் இறந்த செய்தி தந்தியில் வந்தது. சென்றால் தொழில் போகும். தொழில் போனால் ஊரில் இருப்போர்க்கு உணவு போகும். அவர் போகவில்லை. அன்றைய குறிப்பில் வரவும் செலவும் வழக்கம்போலத் திருத்தமாக எழுதப்பட்டிருந்தன.

முதல் உடையோர்க்கு இவ்வகை இடர்களினின்று தப்ப வழிகள் இருந்தன. 1900-இல் பர்மாவின் மோல்மேன் நகரில் தொழில் தொடங்கிய முருகப்பச் செட்டியார் குடும்பத்தினர், போர் வருவதற்கு முன்னரே முதலைத் தாய்நாட்டிற்கு மாற்றிக்கொண்டனர். 1949-இல் சென்னைக்கு அருகே மிதிவண்டித் தொழிற்சாலை கண்டனர். எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவியபோது, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் அது திறக்கப்பட்டது. கடைத்தெரு வட்டித் தொழில் இனி வங்கித் தொழிலாக மாறியே தீரும் என்பதை அவர் கண்டுகொண்டார். இத்தகைய முன்னறிவைப் புகழாதார் இல்லை. ஆயின் முன்னறிவைச் செயலாக்குவதற்கு முதல் வேண்டும். பெட்டியடியில் தொடங்கிய கணக்கரிடம் அறிவு இருந்தது. மாற்றுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

1962-இல் பர்மாவில் படைத்தலைவர் ஆட்சி ஏற்பட்டது. 1963 பிப்ரவரியில் வங்கிகள் யாவும் நாட்டுடைமை ஆயின. 1964-இல் கடைகளும் அவ்வாறே ஆயின. அவ்வாண்டு மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. கணக்கர் கடையின் திறவுகோலை அதிகாரியிடம் கொடுத்து, பேரேடுகளை எண்ணி ஒப்புவித்து, எண்ணிக்கைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டார். ‘யாருக்குக் காட்டப் போகிறீர்?’ என்று அதிகாரி நகைத்தாராம். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. முதலாளி அதற்கு முன்பே காலமாகியிருந்தார். உடன் வந்தோரிற் பலர் துறைமுகத்தின் அருகே நடைபாதையில் சிறு கடை விரித்தனர். இன்றும் சென்னையில் பர்மா பஜார் என்ற பெயர் அவர்களை நினைவூட்டும்.

கணக்கரும் கடை போட்டிருக்கலாம். அவருக்குக் கணக்கை விட மனமில்லை. வங்கி ஒன்றில் வேலை கேட்டார். வயது கடந்துவிட்டது என்றனர். வணிக நிலையம் ஒன்றில் கேட்டார். பள்ளி இறுதித் தேர்வுச் சான்று எங்கே என்றனர். ‘முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவன்’ என்றார். எந்த மொழியில் என்றனர். இவ்வாறு பதினேழு இடங்கள். அவர் கற்ற கணக்கில் குறை ஒன்றும் இல்லை. ஐந்தொகையும் ஆங்கிலேயர் இரட்டைப் பதிவுக் கணக்கும் அடிப்படையில் ஒன்றே. பெயரும் எழுத்தும் வேறு. ஆயினும், ஒருவன் அறிவை அளக்க வேண்டியவர், தாம் அறிந்த முத்திரை அதன்மேல் இருக்கிறதா என்றே முதலில் பார்க்கின்றனர். அது முற்றும் தவறென்றும் கூறுவதற்கில்லை. பிறர் பணத்தை ஒப்படைப்பவர் வேறு எதைக் கொண்டு துணிவர்?

அவர் முத்திரையைத் தேடிக்கொள்ளத் துணிந்தார். அரசினர் நடத்தும் வணிகத் தேர்வுகளுள் கணக்குப் பதிவியல் கீழ்நிலைத் தேர்விற்காக, மாலைநேரப் பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்ந்தார். பக்கத்து இருக்கையில் பதினெட்டு வயது இளைஞர். ஆசிரியரும் அவரினும் பதினைந்து ஆண்டு இளையவர். முதல் நாள் அவரைத் தம் மாணவர் ஒருவரின் தந்தை என்று கருதி, “யாரைப் பார்க்க வேண்டும், ஐயா?” என்றார் ஆசிரியர். ‘பற்று’, ‘வரவு’ என்று தாம் இளமையிற் பழகிய சொற்களுக்கு ஆங்கிலப் பெயர்களை அவர் பேருந்தில் செல்லும்போது முணுமுணுத்தபடி மனப்பாடம் செய்தார். 1965-இல் தேர்வில் வெற்றி பெற்றார்.

வேலையைத் தந்தது சான்றிதழா, பக்கத்து இருக்கை இளைஞரா என்று பிரித்துச் சொல்வது கடினம். உந்து வண்டிகளுக்குத் தவணை முறையில் பணம் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் அவ்விளைஞர் எழுத்தராய் இருந்தார். அங்கே ஆண்டுக் கணக்கு ஒவ்வாமல் 270 ரூபாய் வேறுபட்டு நின்றது. தற்காலிகமாக ஆள் வேண்டும் என்றனர், இவர் சென்றார். வேறுபாட்டைக் கேட்டவுடன், 270-ஐ ஒன்பதால் வகுத்துப் பார்த்தார், மீதி இல்லை. எண்களை இடம் மாற்றி எழுதியிருந்தால் வேறுபாடு எப்பொழுதும் ஒன்பதால் வகுபடும். இரங்கூனில் ஐரோப்பிய வங்கிகளின் கணக்கோடு கடைக் கணக்கை ஒத்துப் பார்த்த நாட்களில் அவர் கண்ட வழி இது. இரண்டு நாள் தேடியபின், ஒரு பக்கத்தில் 520 என்பது 250 என்று பெயர்த்து எழுதப்பட்டிருந்தது புலப்பட்டது. கதைகளில் ஆனால் அன்றே அவரைத் தலைமைக் கணக்கர் ஆக்கியிருப்பார்கள். அந்நிறுவனத்தார் ‘நாளையும் வாருங்கள், ஐயா’ என்றனர். மூன்று மாதங்களுக்குப் பின் மாதம் 110 ரூபாய்ச் சம்பளத்தில் கடைநிலை எழுத்தராக அமர்த்தினர். மேலே இருந்தவர்க்கு வயது இருபத்தாறு. மேலாளாய் இருந்தவர் மீண்டும் பெட்டியடிக்கு வந்தார். இம்முறை பாய் விரிக்க வேண்டியதில்லை என்று அவர் மனைவியாரிடம் கூறிச் சிரித்தார்.

1966 சனவரி முதல் அவர் மாதந்தோறும் அத்தைக்குப் பதினைந்து ரூபாய் பணவிடையாய் அனுப்பலானார். சட்டப்படி அக்கடன் அவருடையதன்று. கடை முதலாளியுடையது, முதலாளியும் இல்லை, கடையும் இல்லை. அலுவலகத்தில் எவரும் இதை அறியார். தமிழில் பணத்திற்கும் நாணயம் என்றே பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்றே பெயர். முதலாவது நாணயம் பர்மாவில் செல்லாமற் போயிற்று. இரண்டாவதைச் செல்லாதென அறிவிக்க எந்த அரசாலும் இயலாது என்பது அவர் எண்ணம் போலும். சில ஆண்டுகளில், உள்ளூர் அஞ்சற்காரர் வாயிலாகச் செய்தி ஊரில் பரவிற்று. சென்னையில் தொழில் செய்த அவ்வூரார் ஒருவர் அதை நிறுவனத்தின் பங்காளி ஒருவரிடம் உரைத்தார். பணப்பெட்டியின் திறவுகோல் அதன்பின்னரே கணக்கர் கைக்கு வந்தது.

அத்தை 1971-இல் காலமானார். பணம் பேரனுக்குச் சென்றது. 133 மாதங்கள் பதினைந்து ரூபாயும், 1977 பிப்ரவரியில் ஐந்து ரூபாயும் அனுப்பியதும் முதல் இரண்டாயிரம் தீர்ந்தது. அதன்பின் கணக்கர் வட்டியைக் கணக்கிட்டார். 1942 முதல் 1965 முடிய 24 ஆண்டுகளுக்கு 2,880 ரூபாய் ஆயிற்று. வட்டி முதலை விஞ்சலாகாது என்பது பழைய அறநூல் முறை; அதன்படி இரண்டாயிரம் போதும் என்று முடிவு செய்து பேரனுக்கு எழுதினார். ‘முதல் வந்ததே போதும், மாமா, வட்டி வேண்டா’ என்று பேரன் எழுதினார். ‘வேண்டா என்பதற்கு உங்கள் அப்பத்தா கையெழுத்து இல்லையே’ என்று இவர் மறுமொழி விடுத்தார். இருவருக்கும் நடந்த கடிதப் போர் நெடுநாள் நீண்டது. கணக்கரின் பேரேட்டில் அப்பக்கம் கோடிட்டு முடிக்கப்படவில்லை. ‘வட்டி: பேசித் தீர்க்க’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.